வெள்ளிக் கம்பியால் வரைவது: பூச்சு முதல் சட்டம் வரை

ஒரு வெள்ளிக் கம்பியை எடுத்துச் சாதாரண வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள். அநேகமாக ஒன்றும் விழாது. அதே தாளில் சுண்ணாம்புக்கல் தூளையும் பசையையும் கலந்து மெல்லிசாகப் பூசிக் காயவைத்துவிட்டு மறுபடி இழுங்கள். முடியளவு மெல்லிய சாம்பல் கோடு ஒன்று பளிச்சென்று விழும். கம்பியும் கையும் மாறவில்லை, மாறியது தாளின் மேற்பரப்புதான். வெள்ளிமுனை எனப்படும் இந்தக் கலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கேயே கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பூச்சுக்குத்தான் அதிக இடம்.

காரணம் எளியது. பூச்சில் உள்ள நுண்ணிய தூள், அரம் போல உலோகத்தை உராய்ந்து துளித்துளியாகப் பிடித்துக்கொள்கிறது. தாளில் கோடாகத் தெரிவது அப்படித் தேய்ந்து ஒட்டிய உலோகமே. மோஸ் கடினத்தன்மை அளவில் வெள்ளி ஏறக்குறைய 2.5. சுண்ணாம்புக்கல் தூளான கால்சியம் கார்பனேட் 3, எலும்புச் சாம்பல் 5, டைட்டானியம் டை ஆக்சைடு 6 அளவில் வரும். தூள் எவ்வளவு கடினமோ அவ்வளவு உலோகம் தேயும், கோடும் அவ்வளவு கருமையாக வரும். ஆனால் கடினமான தூள் மட்டுமே இருந்தால் கோடு சொரசொரப்பாகிவிடும். மென்மையான தூளையும் கடினமான தூளையும் சேர்த்துப் பூசுவது இதனால்தான்.

கம்பியும் பிடியும்

நகைக் கம்பி விற்கும் இடங்களில் கிடைக்கும் வெள்ளிக் கம்பியே போதும். 99.9 சதவீதத் தூய வெள்ளி, 92.5 சதவீத ஸ்டெர்லிங் இரண்டுமே நன்றாக வரையும். ஸ்டெர்லிங்கில் செம்பு கலந்திருப்பதால் அது சற்றுக் கடினம், முனை எளிதில் வளையாது. தூய வெள்ளி வாங்கினால் முழுமையாக மென்மையாக்கிய கம்பியைத் தவிர்த்து, அரைக் கடினமாக உள்ளதைக் கேளுங்கள்.

தடிமனைப் பிடிக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். 0.9 மி.மீ. கம்பி 0.9 மெக்கானிக்கல் பென்சிலில் பொருந்தும். 2 மி.மீ. கம்பி, 2 மி.மீ. லெட் போடும் கிளட்ச் பென்சிலில் பொருந்தும். முதலில் வாங்க ஏற்றது 2 மி.மீ. தான். அதன் முனையைக் கூர்மையாகவும் தேய்க்கலாம், ஒரு பக்கம் சாய்வாகவும் தேய்க்கலாம். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத் துண்டு பல ஆண்டுகள் வரும். அவ்வளவு மெதுவாகத்தான் அது தேயும்.

வெட்டிய கம்பியின் நுனியில் கத்தி போன்ற விளிம்பு இருக்கும். அப்படியே வரைந்தால் பூச்சைக் கீறி வெள்ளைப் பள்ளம் போட்டுவிடும். 400 எண் உப்புத்தாளில் கம்பியைச் சாய்த்துப் பிடித்து, விரல்களால் உருட்டிக்கொண்டே தேய்த்துக் கூம்பாக்குங்கள். பிறகு 800, 1000 எண் தாள்களில் நுனியை மட்டும் உருண்டையாக்குங்கள். கடைசியில் வெறும் தாளில் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் மெருகேறும். சோதிப்பது எளிது: பூசிய துண்டுத்தாளில் சிறு வட்டங்களாகப் போடுங்கள். வட்டத்தின் ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் முனை சிக்கினால், அந்தத் திசையில் இன்னும் விளிம்பு இருக்கிறது.

மற்ற உலோகங்களையும் முயலலாம். தங்கத்தின் கோடு காலத்தால் மாறாது. மின்கம்பியின் செம்பு நன்றாக வரையும். ஆனால் சுருளில் இருந்து எடுத்த செம்புக் கம்பியில் அரக்குப் பூச்சு இருக்கும், அதை முழுக்கச் சுரண்டிவிட வேண்டும். அலுமினியம் வெளுத்த உலோகமாக இருந்தாலும் எதிர்பார்ப்பதைவிடக் கருமையான சாம்பல் கோடு போடும். ஈயம் பூச்சு இல்லாத தாளிலும் வரையும், பழைய ஓவியர்களும் பயன்படுத்தினார்கள். ஆனால் அது நஞ்சு. ஈயமும் ஈயம் கலந்த சால்டர் கம்பியும் வேண்டாம். இரும்பும் எஃகும் பூச்சைக் கிழிக்குமே தவிர நல்ல கோடு தராது.

தாள்

ஹாட் பிரஸ்ட் எனப்படும் வழவழப்பான, நூறு சதவீதப் பருத்தி வாட்டர்கலர் தாள், 300 ஜிஎஸ்எம் எடை. இதற்குக் குறைந்தால் ஈரத்தில் நெளியும், நெளிந்த இடத்தில் பூச்சு தேங்கும். சொரசொரப்பான தாள் வேண்டாம். மேடுகளில் மட்டும் கம்பி பட்டுக் கோடு புள்ளி புள்ளியாக உடையும்.

தாளை இழுத்துக் கட்டிவிடுவது நல்லது. ஐந்து நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பலகையில் விரித்து, நான்கு ஓரங்களையும் நனைத்து ஒட்டும் காகித டேப்பால் ஒட்டிப் படுக்கையாகக் காயவிடுங்கள். சிறிய படம் என்றால் மாஸ்கிங் டேப்பே போதும். முதல் படம் 15 × 20 செ.மீ. அளவைத் தாண்ட வேண்டாம். இந்த ஊடகத்தில் நிழல் ஏறுவது மெதுவாகத்தான், பெரிய பரப்பு பொறுமையைத் தின்றுவிடும்.

தாளுக்குப் பதில் ஆட்டுத்தோல், கன்றுத்தோல் பார்ச்மென்ட்டிலும் வரையலாம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1633-இல் தான் மணக்கவிருந்த சாஸ்கியாவை வெள்ளிமுனையால் வரைந்தது பார்ச்மென்ட்டில்தான். அந்தப் படம் இப்போது பெர்லினில் இருக்கிறது.

பூச்சு: மூன்று வழிகள்

அவசரத்துக்கு உதவுவது வெள்ளை குவாஷ், அதாவது ஒளி ஊடுருவாத நீர்வண்ணம். ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு நீர் விட்டு மெல்லிசாக இரண்டு அல்லது மூன்று முறை பூசினால் ஒரு மணி நேரத்துக்குள் வரையத் தொடங்கலாம். ஜிங்க் ஒயிட் குவாஷ் மென்மையான, வெளிறிய கோடு தரும். டைட்டானியம் ஒயிட் கருமை கூட்டும். குறை என்னவென்றால் ஈர விரல் பட்டாலே பூச்சு எழும்பிவிடும். பழகுவதற்கும் முனையைச் சோதிப்பதற்கும் இதைவிட வசதியானது வேறில்லை.

இரண்டாவது அக்ரிலிக். கோல்டன் நிறுவனம் வெள்ளிமுனைக்கென்றே தனிப் பூச்சு தயாரிக்கிறது. புட்டியில் இருந்து எடுத்து நீர் சேர்த்து மெல்லிசாக இரண்டு முறை பூசி ஒரு நாள் விட்டால் தயார். ஓவியத்துக்கு அடிப்பூச்சாகப் பூசும் சாதாரண அக்ரிலிக் ஜெஸ்ஸோவும் வேலை செய்யும், ஆனால் எல்லாம் அல்ல. சிலவற்றில் பிசின் அதிகம், ரப்பர் போல இருக்கும், அதன்மேல் கம்பி வழுக்கும். நான்கு பங்கு ஜெஸ்ஸோவுக்கு ஒரு பங்கு நுண்ணிய பளிங்குத் தூள் சேர்த்தால் பிடிப்பு வந்துவிடும்.

மூன்றாவது ஜெலட்டின் பூச்சு. வேலை அதிகம், ஆனால் கோட்டின் அழகுக்கு மற்ற இரண்டும் ஈடாகாது. மேற்பரப்பு கையில் பட்டால் முட்டையோடு போல இருக்கும், கோடு அதன்மேல் நிற்காமல் அதற்குள் இறங்கியது போலத் தெரியும். ஏறக்குறைய 30 × 40 செ.மீ. தாள்கள் மூன்று நான்குக்குப் போதுமான அளவு:

- சுவையும் நிறமும் சேர்க்காத ஜெலட்டின் தூள்: 5 கிராம்
- நீர்: 100 மி.லி.
- மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூள்: 30 கிராம்
- எலும்புச் சாம்பல்: 10 கிராம்
- டைட்டானியம் அல்லது ஜிங்க் ஒயிட் நிறமித் தூள்: 10 கிராம்

எலும்புச் சாம்பல் மட்பாண்டக் கலைஞர்களுக்கான மூலப்பொருள் கடைகளில் கிடைக்கும். அந்தப் பெயரில் இப்போது பெரும்பாலும் விற்பது செயற்கையாகத் தயாரித்த டிரைகால்சியம் பாஸ்பேட். நமக்கு இரண்டும் ஒன்றுதான். 1400 வாக்கில் இத்தாலியில் எழுதப்பட்ட சென்னினோ சென்னினியின் கைவினை நூல், கோழியின் தொடை, இறக்கை எலும்புகளைத் தீயில் போட்டுச் சாம்பலைவிட வெண்மையாகும்வரை எரித்து, இரண்டு மணி நேரம் அரைக்கச் சொல்கிறது. அந்தப் பொடியை எச்சிலில் குழைத்துச் சிறு மரப்பலகையில் விரலால் தடவி மாணவர்கள் வரையப் பழகினார்கள். எலும்புச் சாம்பல் கிடைக்கவில்லையென்றால் கால்சியம் கார்பனேட்டையே 40 கிராமாக்கிக்கொள்ளுங்கள். கோடு சற்று வெளிறும், அவ்வளவுதான்.

செய்முறை இது.

1. ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் தூவி 20 நிமிடம் ஊறவிடுங்கள். உப்பிப் பஞ்சு போலாகும். நேரடியாக வெந்நீரில் போட்டால் கட்டி கட்டியாக நின்றுவிடும்.

2. அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். கொதித்த ஜெலட்டினில் பசைத்தன்மை குறைந்துவிடும். அப்படி ஆன பூச்சு காய்ந்தபின் மாவாக உதிரும்.

3. தூள்களை வேறு கிண்ணத்தில் சேர்த்து, கரைத்த ஜெலட்டினில் இரண்டு மூன்று கரண்டி மட்டும் விட்டுக் கட்டியில்லாத விழுதாகக் குழையுங்கள். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தூளை மொத்தமாக நீருக்குள் கொட்டினால் நடுவில் உலர்ந்த முடிச்சுகள் மிஞ்சும். தூளைக் கையாளும்போதும் பின்னால் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

4. மெல்லிய நைலான் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால், வரையும்போது ஒவ்வொரு சிறு கட்டியும் முனையில் தட்டுப்படும். வடித்த கலவை ஆடை நீக்கிய பால் பதத்தில் இருக்க வேண்டும். தயிர் பதம் வந்தால் வெதுவெதுப்பான நீர் சேருங்கள்.

5. 15 நிமிடம் வெந்நீரிலேயே வைத்திருங்கள், நுரை அடங்கும். பூசும்போதும் கலவை இளஞ்சூட்டில் இருக்கட்டும். ஆறினால் களியாக உறைந்து தூரிகைத் தடம் விழும். தூள் அடியில் படியும், அவ்வப்போது மெதுவாகக் கலக்கிக்கொள்ளுங்கள். குமிழி கிளப்பாதீர்கள்.

6. 5 செ.மீ. அகலமுள்ள மென்மையான தட்டைத் தூரிகையால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு, அடுத்தது அதை ஒட்டி. போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். பாதி காய்ந்த பூச்சைத் தூரிகை கிளறினால் கீழ் அடுக்கும் சேர்ந்து எழும்பும்.

7. தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காய்ந்ததும் இரண்டாம் பூச்சு, மேலிருந்து கீழாக. இப்படித் திசை மாற்றி மூன்று அல்லது நான்கு பூச்சு. மூன்று மெல்லிய பூச்சு செய்யும் வேலையை ஒரு தடித்த பூச்சு செய்யாது, வெடிக்கத்தான் செய்யும்.

8. ஓர் இரவு காயவிட்டு, 600 எண் உப்புத்தாளால் அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்துத் தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கண்ணாடி போல வழவழவென்று ஆக்கிவிட வேண்டாம். கைக்கு மென்மையாகவும் உலோகத்துக்குச் சொரசொரப்பாகவும் இருப்பதே சரியான நிலை.

மிச்சக் கலவை குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். கொஞ்சத்தையாவது வைத்திருப்பது திருத்தத்துக்கு உதவும்.

பூச்சு சொல்வதைக் கேளுங்கள்

ஓரத்தில் விரலை அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் பசை குறைவு. அதன்மேல் கோடு கருமையாக விழும்போலத் தோன்றும், ஆனால் முனை பூச்சையே வாரிக்கொண்டு போகும். அடுத்த கலவையில் ஜெலட்டினை 6 கிராமாக்குங்கள். இப்போது பூசிய தாளையும் காப்பாற்றலாம்: தூள் சேர்க்காத 2 சதவீத ஜெலட்டின் நீரை மேலே ஒரு முறை லேசாகப் பூசுங்கள்.

மேற்பரப்பு பளபளத்து, கோடு வெளிறி, கம்பி வழுக்கினால் பசை அதிகம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மேல்தோலை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே தாளில் ஓரிடம் கருமையாகவும் ஓரிடம் வெளிறியும் வந்தால், தாள் பசையைச் சமமின்றி உறிஞ்சியிருக்கிறது. அத்தகைய தாளுக்கு முதலிலேயே அந்த 2 சதவீத ஜெலட்டின் நீரை ஒரு முறை பூசிக் காயவைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஊசித் துளைகள் தெரிந்தால் அவை நுரைக் குமிழிகள் உடைந்த இடங்கள். சிலந்திவலை போன்ற வெடிப்புகள் வந்தால் பூச்சு தடித்துவிட்டது, அல்லது காய்ந்தபின் தாள் வளைந்திருக்கிறது. பூசிய தாளை ஒருபோதும் சுருட்டக் கூடாது.

நிறமேற்றுவது

வெள்ளிமுனையின் அடர்த்திக்கு எல்லை உண்டு. எத்தனை முறை ஏற்றினாலும் நடுத்தரச் சாம்பலைக் கொஞ்சம் தாண்டுவதோடு நின்றுவிடும், கரிக்கட்டையின் கறுப்பு வரவே வராது. வெள்ளைத் தாளில் இதனால் படம் வெளிறித் தெரியலாம். பழைய ஓவியர்கள் இதற்குக் கண்ட வழி நிறம் சேர்த்த பூச்சு. தாளின் நிறம் நடு நிழலாகிவிடும், கம்பி கருநிழலை மட்டும் பார்த்துக்கொள்ளும், வெள்ளை வண்ணம் ஒளியைக் கொடுக்கும். லியனார்டோ டா வின்சி நீலப் பூச்சுத் தாளில் வரைந்த குதிரை ஆய்வுகளைப் பார்த்தால் இந்த உத்தியின் வலிமை புரியும்.

மேலே சொன்ன கலவைக்கு 1 முதல் 3 கிராம் நிறமித் தூள் போதும். மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், எலும்புக் கரி எல்லாம் ஒத்துப்போகும். தூளை முதலில் சில துளி நீரில் குழைத்துச் சேருங்கள். இல்லாவிட்டால் தூரிகை இழுப்பில் கீற்றுக் கீற்றாகத் தெரியும். ஈரத்தில் நிறம் அடர்ந்து தெரிந்து காய்ந்ததும் வெளுக்கும் என்பதால், ஒரு துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்தபின்தான் முழுத் தாளில் பூச வேண்டும். ஈய வெள்ளை பழைய நூல்களில் வந்தாலும் இப்போது வேண்டாம்: அது நஞ்சு, காற்றில் உள்ள கந்தகத்தால் கறுக்கவும் செய்யும்.

வரையும் முறை

பென்சில் பழக்கத்தில் எல்லோரும் செய்வது கருமைக்காக அழுத்துவது. இங்கே அழுத்தினால் கருமை அதிகரிக்காது, பூச்சுதான் பள்ளமாகும். கம்பி போட்ட பென்சிலை நுனியில் இருந்து நான்கு ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள், அதன் எடையே பெரும்பாலும் போதும். கருமை வேண்டிய இடத்தில் மறுபடி மறுபடி கோடுகளை ஏற்றுங்கள்.

முதல் வரைவைப் பென்சிலால் போட்டுக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். கிராஃபைட் பூச்சின் குழிகளை நிரப்பி வழுவழுப்பாக்கும், அதன்மேல் வெள்ளி ஒட்டாது. பின்னால் வெள்ளிக் கோடுகள் பழுப்பாகும்போது கிராஃபைட் மட்டும் குளிர்ந்த சாம்பலாகவே நின்று காட்டிக்கொடுக்கும். வேறு தாளில் வரைந்து நகல் எடுப்பதானால், டிரேசிங் தாளின் பின்புறம் காவித் தூளைப் பஞ்சால் மெல்லத் தடவி, மழுங்கிய முனையால் மேலே ஓட்டுங்கள். மங்கிய காவித் தடம் கிடைக்கும். வெள்ளிக் கோடு விழுந்தபின் தூளைத் தூரிகையால் தட்டிவிடலாம்.

நிழலுக்கு வருவோம். முதல் அடுக்குக் கோடுகளை ஒரே திசையில், நெருக்கமாக, இரு முனைகளும் மெலிந்து முடியும்படி போடுங்கள். இரண்டாம் அடுக்கை 15 அல்லது 20 டிகிரி மட்டும் திருப்புங்கள். 90 டிகிரியில் வெட்டினால் சல்லடைக் கண்கள் போலக் கட்டங்கள் தெரியும், அவற்றை மறைக்கவே இன்னும் மூன்று அடுக்கு வேண்டும். கன்னம், கனி, துணி மடிப்பு போன்ற வளைந்த பரப்புகளில் கோடுகள் அந்த வளைவைப் பின்பற்றட்டும். விரலாலோ காகிதச் சுருளாலோ தேய்த்து நிழல் பரப்ப முடியாது. உலோகம் பூச்சில் சிக்கிக்கிடக்கிறது, நகராது. இந்தத் தெளிவுதான் இந்த ஊடகத்தின் பெருமை. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1484-இல், 13 வயதில், கண்ணாடியைப் பார்த்து வெள்ளிமுனையால் வரைந்த தன்னுருவம் வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சட்டை மடிப்புகளில் கோடுகள் தனித்தனியாக இன்னும் எண்ணும்படி நிற்கின்றன.

ஓரிடத்தில் அளவுக்கு மீறி ஏற்றினால் அது மினுங்கத் தொடங்கும். பூச்சின் குழிகள் உலோகத்தால் நிறைந்துவிட்டன, இனி உலோகத்தின்மேல் உலோகம் வழுக்கும். மினுக்கம் தெரிந்ததும் அங்கே நிறுத்திவிட்டு, சுற்றியுள்ள இடத்தை வெளிச்சமாக விட்டு வேறுபாட்டைக் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே தாள் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, ஒன்றில் ஓர் அடுக்கு, அடுத்ததில் இரண்டு என ஐந்துவரை ஏற்றிப் பார்த்துவிட்டால், அந்தப் பூச்சு எவ்வளவு தாங்கும் என்பது முன்கூட்டியே தெரியும்.

கையின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் கோடு விட்டுவிட்டு விழும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு சுத்தமான தாள் இருக்கட்டும்.

திருத்தம்

ரப்பர் இங்கே பெரிதாக உதவாது. அக்ரிலிக் பூச்சில் கோட்டைக் கொஞ்சம் மங்கவைக்கும், ஜெலட்டினில் பூச்சைப் பாழாக்கும். மெல்லிய கோடு என்றால் விரல் நகம் அளவுக்கு மடித்த 800 எண் உப்புத்தாளால் இரண்டு மூன்று முறை தொட்டெடுங்கள். ஆழமாகப் போய்விட்டால், அந்த இடத்தைத் தேய்த்து நீக்கி, மிச்சம் வைத்த அதே கலவையைச் சூடாக்கிச் சிறு தூரிகையால் இரண்டு முறை பூசி, ஓரங்களை உப்புத்தாளால் கலக்கவிடுங்கள். வேறு கலவையைப் பூசினால் இன்று தெரியாத வேறுபாடு, வெள்ளி நிறம் மாறும்போது திட்டாகத் தெரியும். சின்னத் தப்புகளை விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்லது. பழைய ஓவியங்களில் முதலில் போட்ட கோடும் திருத்திய கோடும் அருகருகே நிற்பதைப் பார்க்கலாம், அதனால் அழகு குறையவில்லை.

வெள்ளை ஒளி வைப்பதைக் கடைசிக்கு விடுங்கள். வெள்ளை குவாஷை நீர்த்து, நுனி மெலிந்த தூரிகையில் எடுத்து, பிழிந்து பாதி உலர்த்தி, கோடு கோடாகவே வையுங்கள். ஈரம் மிகுந்தால் ஜெலட்டின் இளகி வெள்ளை சேறாகும். வெள்ளை வைத்த இடத்தின்மேல் மறுபடி கம்பி ஓட்டினால் அங்கே கோடு வேறு அடர்த்தியில் விழும், அதனால் நிழல் வேலை முழுக்க முடிந்திருக்க வேண்டும்.

நிறம் மாறுவதும் பாதுகாப்பும்

புதிதாக வரைந்த வெள்ளிக் கோடு குளிர்ந்த சாம்பல் நிறம். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு அது மெல்ல வெள்ளி சல்பைடாகிக் கதகதப்பான பழுப்புக்கு மாறும். எவ்வளவு காலம் என்பது காற்றைப் பொறுத்தது, சில மாதங்களிலும் தெரியலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். இதை அவசரப்படுத்த அவித்த முட்டையோடு பெட்டிக்குள் பூட்டுபவர்கள் உண்டு. நிறம் மாறும், ஆனால் ஈரத்தில் ஜெலட்டின் பூசணம் பிடிக்கும் ஆபத்தும் கூடவே வரும். தானாக மாறவிடுவதே சிறந்தது. மாறாமலே இருக்க வேண்டுமென்றால் தங்கக் கம்பியால் வரையுங்கள்.

கோடு உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் திரவத்தைத் தெளிக்கத் தேவையில்லை. கோடு உதிராது, தெளித்தால் பூச்சின் மங்கிய மென்மைதான் கெடும். சட்டம் போடும்போது அமிலமற்ற மவுன்ட் அட்டையை இடையில் வைத்துக் கண்ணாடி மேற்பரப்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள்ளும் படங்கள் அடுக்கிய பெட்டிக்குள்ளும் ரப்பரோ கம்பளித் துணியோ வேண்டாம். இரண்டும் கந்தக வாயுவை வெளிவிட்டு, பட்ட பக்கத்தை மட்டும் திட்டாகக் கறுக்கவைக்கும். தாளின் பின்புறத்தில் எந்த உலோகம், எந்தப் பூச்சு, எத்தனை கிராம் ஜெலட்டின், எந்தத் தேதி என்று எழுதிவையுங்கள். இரண்டு படங்கள் வெவ்வேறு வேகத்தில் பழுப்பாகும்போது காரணத்தைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்பு ஒன்றுதான் கையில் இருக்கும்.